கோணவாய் ஏரிக் கொக்கு

ஷட்டர் தடதடவென்று மேலே ஏறியது.

உள்ளே டி.வி. வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் சட்டென்று வாயை மூடினார்கள். வாசலில் ஷஹீன் பானு நின்றிருந்தாள். ஒரு கையில் ஸ்கூட்டர் சாவி, கழுத்தில் பைனாகுலர், புர்காவின் விளிம்பெல்லாம் ரோட்டுப் புழுதி.

"மீட்டிங் பதினோரு மணிக்குன்னு குரூப்ல போட்டிருந்தீங்க. பதினொண்ணு இன்னும் ஆகல. அதுக்குள்ள பாதி முடிஞ்சிருக்கு போல."

"நேரத்தை மாத்திட்டோம்," என்றார் சாந்தகுமார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சொல்ல வேண்டியவங்ககிட்ட."

அபினேஷ் களுக்கென்று சிரித்தான். "ஷட்டரையும் சாத்தி வெச்சோம் டீச்சர். வெளிச்சம் வந்தா படம் தெரியாது பாருங்க."

"எனக்கு நல்லாவே தெரியுது," என்றாள் ஷஹீன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது பாலாற்றுப் பறவை வட்டம். மாதம் ஒரு ஞாயிறு இங்கேதான் கூடுவார்கள். இடம் ஆம்பூரில், இஷ்தியாக் அகமதுவுடையது. தோலுக்குச் சாயமேற்றி, பாலிஷ் போட்டு ஷூ கம்பெனிகளுக்கு அனுப்புகிற யூனிட். பின்னால் மெஷின்கள், முன்னால் இந்த ஆபீஸ் ரூம். டீ, சமோசா அவர் செலவு. வட்டம் வெளியிடப்போகும் பறவைப் புத்தகத்தின் அச்சுச் செலவும் அவர் தலையில்தான்.

"உட்காருங்க டீச்சரம்மா," என்று அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எப்போதும் சிரித்த முகம். "சண்டை எப்ப வேணா போட்டுக்கலாம். சமோசா ஆறிப்போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

ஷஹீன் ஜெபராணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபராணி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆலங்காயம் மலையடிவாரத்துக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள்.

"அக்கா, எனக்கும் காலையிலதான் போன் வந்துச்சு," என்று ஜெபராணி கிசுகிசுத்தாள். "உங்களுக்குச் சொல்லலாம்னுதான் நெனச்சேன்..."

"நெனச்சே. சொல்லல."

ஜெபராணி செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஷஹீனைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் ஒரு கொக்கு.

போன வாரம் சாந்தகுமார் குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தார். கருநீல நிறத்தில் ஒரு கொக்கு. 'கரைக்கொக்கு! கடலோரத்தில் மட்டும் இருப்பது. நம் பக்கத்தில் இதுதான் முதல் பதிவு. இடம்: கோணவாய் ஏரி.' கைதட்டல் பொம்மைகள் வரிசையாகக் குவிந்தன. புத்தகத்தின் அட்டைப்படம் அதுதான் என்றும் முடிவானது. அதன் கீழே ஷஹீன் ஒரே வரி எழுதினாள்: 'இது சாதாரண சின்ன வெள்ளைக் கொக்கு. சாயத் தண்ணியில இறங்கியிருக்கு.'

அதற்குப் பிறகு ஒரு பொம்மைகூட வரவில்லை.

வட்டத்தில் ஏரிக்கு ஒருவர் என்று ஒரு பழக்கம் உண்டு. அந்த ஏரியின் கணக்கு முழுக்க அவர் பொறுப்பு. மற்றவர்கள் போனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். கோணவாய் ஏரி ஷஹீனுடையது. சாந்தகுமார் சொல்லாமலே போய்ப் படமெடுத்திருந்தார்.

அந்த ஏரி அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. முதலில் தனியாகக் கரையில் நின்றபோது பைக் பையன்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர், "இங்க இன்னாம்மா வேலை உனக்கு?" என்று வீடுவரை வந்து விசாரித்தார். மாமியார் பைனாகுலரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். வட்டத்தின் அடையாள அட்டை கழுத்தில் ஏறிய பிறகுதான் எல்லோரும் அடங்கினார்கள். 'சர்வே பண்றாங்க, டீச்சர்' என்று வழிவிட்டார்கள். அட்டை போனால் ஏரி போகும். ஏரி போனால் அவளுக்கென்று இருக்கும் ஒரே காலைப்பொழுதும் போகும்.

அது சாந்தகுமாருக்கும் தெரியும். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருப்பவர். குரூப் அட்மின். பறவை எது என்று அவர் சொல்வதுதான் இங்கே தீர்ப்பு.

"ஆட்டம் நடக்கட்டும். அடுத்த படம்," என்றார்.

ஆட்டம் என்பது வட்டத்தின் வழக்கமான கேலிக்கூத்து. யார் எடுத்த படம் என்று சொல்லாமல் டி.வி.யில் போடுவார்கள். பார்த்ததும் பெயர் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னவர் பிளாஸ்க்கை எடுத்து எல்லோருக்கும் டீ ஊற்றவேண்டும்.

திரையில் ஒரு வேலிக்காத்தான் புதர் வந்தது. நடுவில் மங்கலாக ஏதோ ஒன்று.

"இது பறவையே இல்ல சார். பறந்து வந்து மாட்டின கேரி பேக்," என்றான் அபினேஷ். வேலூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நெமிலி ஏரி அவனுடையது.

"கேரி பேக்குக்கு வாலு எங்கிருந்துடா வந்துச்சு?"

"கிழிஞ்ச கேரி பேக் சார்."

"கரிச்சான்," என்றாள் ஜெபராணி. "வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு பாருங்க."

"சிஸ்டர் பாஸ்," என்றார் சாந்தகுமார். "எடுத்தவர்தான் ஃபெயில். யாரு? பாய், நீங்கதானே?"

இஷ்தியாக் அகமது காதைப் பிடித்துக்கொண்டார். "வண்டியில போய்க்கினே எடுத்தது சார். மன்னிச்சிடுங்க."

"வண்டி ஓட்டினது நீங்களா, கரிச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். இஷ்தியாக்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அடுத்த படம் தெளிவாக இருந்தது. புளியங்கிளையில் சாம்பல் முதுகு, வயிற்றில் பழுப்புக் கோடுகள், வாலில் பட்டைகள்.

"வல்லூறு," என்றார் சாந்தகுமார் உடனே. "சின்னப் பசங்ககூடச் சொல்லும். அடுத்தது."

"இருங்க," என்றாள் ஷஹீன். "அது அக்காக்குயில்."

அவள் திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

"அலகைப் பாருங்க. வல்லூறுக்கு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். இது நேரா இருக்கு. கண்ணைச் சுத்தி மஞ்ச வளையம் வேற. தவிட்டுக்குருவியைப் பயமுறுத்தவே வல்லூறு வேஷம் போடும் இது. தவிட்டுக்குருவி ஏமாறும். நாம ஏமாறலாமா?"

அபினேஷ் வாயைப் பொத்திக்கொண்டான். இஷ்தியாக் பிளாஸ்க்கை எடுத்து சாந்தகுமார் முன்னால் வைத்தார். "சார், விதின்னா விதி. எனக்குச் சக்கரை கம்மியா."

சாந்தகுமாரின் காது மடல் சிவந்தது. பிளாஸ்க்கை ஒரு விரலால் தள்ளினார்.

"படம் சரியில்ல. இது கணக்குல சேராது."

"போன மாசம் நான் தப்பாச் சொன்னப்போ படம் இதைவிட மோசமா இருந்துச்சு சார். நான் ஊத்தினேன்."

"நீங்க ஊத்தினா டீ நல்லா இருக்குது டீச்சரம்மா. அதான்," என்றார் சாந்தகுமார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அபினேஷ்கூட.

"ஆட்டம் போதும். வந்த வேலையைப் பாப்போம்," என்று சாந்தகுமார் ரிமோட்டை அழுத்தினார். கருநீலக் கொக்கு திரை முழுக்க நின்றது. "டீச்சரம்மா, எல்லாரும் பாக்குற குரூப்ல என் பதிவைத் தப்புன்னு எழுதினீங்க. ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்."

"என் ஏரிக்குப் போகும்போது நீங்களும் ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கலாம்."

"உங்க ஏரியா? உங்க வாப்பா எழுதிக் குடுத்தாரா?"

"சார்," என்றாள் ஜெபராணி மெதுவாக.

"நீ சும்மா இரும்மா. நாளைக்கு புக்கு பிரஸ்ஸுக்குப் போகுது. இந்தம்மா எழுதினதைப் படிச்சுட்டு சென்னையிலிருந்து மூணு பேர் கேக்குறான், கொக்கா சாயமான்னு. என் பேரு நாறுது. அதனால முடிவு இதுதான். எழுதினது தப்புன்னு இப்பவே, இங்கயே சொல்லி குரூப்ல போடணும். இல்லேன்னா கார்டைக் கழட்டி வெச்சுட்டுப் போகணும். கோணவாய் ஏரியை அபினேஷ் பாத்துப்பான்."

ஷஹீன் அபினேஷைப் பார்த்தாள். அவன் சமோசாவை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு இன்னா டீச்சர் தெரியும்? சார் பாத்துக்கோன்னாரு..."

அவள் எழுந்து தன் செல்போனை டி.வி.யில் இணைத்தாள். அதே கொக்கு வந்தது. ஒரு காலில் நின்று ஒரு பக்க இறக்கையை விசிறிபோல விரித்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"இதை நேத்து எடுத்தேன். அக்குளைப் பாருங்க. வெள்ளை. தண்ணி படுற வயிறு, நெஞ்சு, மீன் பிடிக்க முங்குற தலை, கழுத்து, அங்கெல்லாம் நீலம். தண்ணி படாத இடத்துல வெள்ளை. அலகும் மெல்லிசு. கரைக்கொக்குக்கு அலகு இதைவிடத் தடிமன்."

ஜெபராணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஆமா சார், வெள்ளையாத்தான் இருக்கு."

சாந்தகுமார் சிரித்தார். வகுப்பில் பையன் தப்பாகச் சொன்னால் வரும் சிரிப்பு அது. "கரைக்கொக்குல வெள்ளை உண்டு, கருப்பு உண்டு, ரெண்டும் கலந்ததும் உண்டு. வெள்ளை இறகு நடுவுல வரும். எந்தப் புக்குல வேணா பாருங்க. அலகு, கேமரா கோணம். வேற?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் ஷஹீனுக்கு எரிச்சலாக இருந்தது. கலப்பு நிறம் உண்டு. படத்தை மட்டும் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், யாரும் ஜெயிக்க முடியாது.

"வேற என்ன சார். ஏரிக்குத் தண்ணி வர்ற ஓடையில சாயம் கலக்குது. நான் கண்ணால பாத்திருக்கேன். சில நாள் காலையில ஓரமா நீலமா நுரை கட்டி நிக்குது."

"யாரு விடுறாங்க?" என்று கேட்டார் இஷ்தியாக் அகமது. குரலில் அதே சிரிப்பு. "ஊருல ஒவ்வொரு கம்பெனியும் கழிவுத் தண்ணியைக் குழாய் போட்டு சுத்திகரிப்புக்கு அனுப்புது டீச்சர். என் யூனிட்டையும் சேத்துத்தான் சொல்றேன். பேஜார் பிடிச்ச வேலை, ஆனா பண்றோம். நீங்க சும்மா சாயம்னு எழுதிட்டா நாளைக்கு ஆபீசருங்க வந்து எங்க எல்லார் கதவையும் தட்டுவான். நல்ல பறவை வந்திருக்கு, நல்ல ஏரின்னு பேரு வரட்டுமே. உங்க ஏரிதானே?"

"நான் உங்களைச் சொல்லல பாய்."

"யாரைச் சொன்னாலும் எங்களைச் சொல்ற மாதிரிதானே?"

"அதை விடுங்க பாய், நான் ஒரே கேள்வியில முடிக்கிறேன்," என்று சாந்தகுமார் எழுந்தார். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது மழைக்கு முன்னாடி நான் எடுத்தது. இது டீச்சரம்மா நேத்து எடுத்தது. நடுவுல எப்படி மழை? ஏரி ரொம்பி வழிஞ்சுது. கொக்கு நாள் முழுக்க நனைஞ்சுது. நிறம் கொஞ்சமாச்சும் வெளுத்துதா? அதே கருநீலம். சாயம்னா கழுவிக்கினு போயிருக்கணுமா, வேணாமா? பதில் சொல்லுங்க."

ஷஹீன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது சின்ன வெள்ளைக் கொக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

"பாத்தியாடா அபினேஷ், வாயடைச்சுப் போச்சு," என்றார் சாந்தகுமார்.

அபினேஷுக்கு உயிர் வந்தது. "சார் சொல்றது கரெக்ட். எங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஆம்பூர்ல ஷூ எடுத்தேன். தூறல்தான் சார், பெரிய மழைகூட இல்ல. சாக்ஸு, காலு, கல்யாண மண்டபத்துத் தரை, எல்லாம் நீலம். எங்க அண்ணி இன்னி வரைக்கும் என்னை சாயக்கால்னுதான் கூப்பிடுது."

"அதைச் சொல்லு!" சாந்தகுமார் தொடையில் தட்டினார். "தோலைத் தொட்டுட்டுக் கையைத் துடைச்சா கர்ச்சீப்புல ஒட்டும். பேன்ட்டு மேல உரசினா பேன்ட்டு போச்சு. வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரோட திருப்பி அனுப்புறான். இந்த ஊர் சாயம் மழையில நிக்குதாம்! கொக்கு மேல ஒட்டிக்கினு ஏரியெல்லாம் சுத்துதாம்!"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

ஷஹீன் தற்செயலாக இஷ்தியாக் அகமது பக்கம் திரும்பினாள்.

அவர் சிரிக்கவில்லை. கரிச்சான் படத்துக்குக் காதைப் பிடித்துக்கொண்டவர், தன் காசில் டீ குடித்துவிட்டுத் தன்னையே கிண்டல் செய்தவர்களோடு சேர்ந்து சிரித்தவர், இப்போது சமோசா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாச் சரக்கும் அப்படி இல்ல சார்," என்றார்.

"சும்மா தமாஷுக்கு பாய். உங்களைச் சொல்லல," என்றான் அபினேஷ்.

"நீ எந்தக் கடையில எடுத்தே?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

"அது ரெக்சின். தோலே இல்ல."

"தோலோ ரெக்சினோ, எல்லாம் ஒண்ணுதான் பாய், விடுங்க," என்று சாந்தகுமார் கையை வீசினார். "கார்டா, மன்னிப்பா? நேரமாவுது. கையைத் தூக்கிடலாம். டீச்சரம்மா எழுதினது தப்புங்கிறவங்க?"

அபினேஷின் கை முதலில் ஏறியது. சாந்தகுமார் தன் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஜெபராணியைப் பார்த்தார். அவள் கை மடியிலிருந்து கிளம்பி, தோளுயரத்தில் தயங்கி நின்றது. அவள் ஷஹீன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தேவையில்ல," என்றாள் ஷஹீன். "கையைக் கீழ போடு ஜெபா. நான் வாபஸ் வாங்குறேன்."

சாந்தகுமார் எதிர்பார்க்கவில்லை. தூக்கிய கையோடு நின்றார்.

"சார் கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. தோத்துட்டேன். இப்பவே குரூப்ல போடுறேன்." அவள் செல்போனை எடுத்து, எழுத எழுத உரக்கப் படித்தாள். "'கோணவாய் ஏரியில் இருப்பது கரைக்கொக்குதான். சாயம் என்று நான் எழுதியது தவறு. ஏனென்றால் ஆம்பூரில் போடும் சாயம் மட்டமானது. ஒரு மழைக்குக்கூட நிற்காது.' சரியா சார்?"

"அந்தக் கடைசி வரி எதுக்கு டீச்சரம்மா?" என்றார் இஷ்தியாக்.

"காரணம் சொல்ல வேணாமா பாய்? சும்மா தப்புன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சென்னைக்காரங்க மறுபடி கேப்பாங்க. மழைக்கு நிக்கிற மாதிரி சாயம் போடத் தெரிஞ்சவங்க இந்த ஊருல ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லிட்டா, கேள்வி அதோட முடிஞ்சுடும்."

"ஒருத்தர்கூட இல்லன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"இருக்காங்களா பாய்?"

இஷ்தியாக்கின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாந்தகுமாருக்கு அந்த முகத்தைப் பார்க்க நேரமில்லை. ஜெயித்த சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது. "பிரமாதம் டீச்சரம்மா! முதல் தடவையா உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கீங்க. இதை அப்படியே புக்குல போட்டுடலாம். அட்டைப்படத்துக்கு உள்பக்கமே குறிப்பு." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "'இதைச் சாயம் பட்ட கொக்கு என்று சிலர் ஐயுற்றனர். ஆனால் ஆம்பூர்த் தோல் சாயம் முதல் மழையிலேயே கரைந்துவிடும் மட்டரகம் என்பது உலகறிந்தது.' எப்படி? அதுக்குக் கீழயே, 'அச்சு உதவி: இஷ்தியாக் அகமது லெதர்ஸ்.' பாய், உங்ககிட்ட தோல் வாங்குற கம்பெனிங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பி வெச்சிடுங்க!"

அபினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இஷ்தியாக் அகமது எழுந்து நின்றிருந்தார். டி.வி. பக்கம் கையை நீட்டினார்.

"எதைப்பா மட்டரகம்ன்றே? மூணு மாசம் ஆசிட்டுல ஊறப்போடு, அந்தக் கொக்கு மேல இருக்குற என் நேவி ப்ளூ ஒரு சொட்டு எறங்காது!"